ஜில் வில்நெவும் நான்கு டயர்களும்

மான்ட்ரியலில் வசிக்கும் தமிழர்களுக்கு ஜில் வில்நெவ் என்ற பெயர் ஒரு மனிதரின் பெயராக அறிமுகமாவதில்லை. அது ஒரு சாலையின் பெயராகத்தான் அறிமுகமாகிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே இருக்கும் நோத்ர்-டாம் தீவில் 4.361 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் கார் பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பந்தயம் இல்லாத நாட்களில் அங்கே சைக்கிள் ஓட்டலாம், நடக்கலாம். கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் எங்களுக்கு ப்ளமோண்டோன் நிலையத்தில் மெட்ரோ ஏறி, பெரி-உகாமில் மஞ்சள் பாதைக்கு மாறினால் சீக்கிரம் போய்விடலாம். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நம்மவர்கள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பதைக் கோடையில் பார்க்கலாம். பந்தயம் புறப்படும் கோட்டில் தரையில் பிரெஞ்சு மொழியில் ஜில்லுக்கு வணக்கம் என்று எழுதியிருக்கும். யார் இந்த ஜில் என்று கேட்டால் பெரும்பாலும் தோளைக் குலுக்குவோம்.

இவரைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் டயர். என்னோடு மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சற்றுப் பழைய இரண்டு இருக்கைக் காரை வாங்கினார். பின்சக்கரங்களால் உந்தப்படும், மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி. அதன் டயர்கள் தேய்ந்து போயிருந்தன. நான் இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவன் என்பதால், எந்த டயர் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். இப்போது நான் செய்வது கணினி வேலைதான் என்றாலும் படித்த படிப்பு விடாதல்லவா? டயரைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், எந்தப் பழைய பந்தயக் குறிப்பைப் படித்தாலும், எங்கள் ஊர்க்காரரான இந்த மனிதரின் பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அவர் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு டயர் இருக்கிறது. அந்த வழியாகவே அவர் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஒரு கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் இயந்திரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், அது தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டும்தான். சாதாரணக் காரில் ஒவ்வொரு இடமும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவு. முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். ஒரு டயருக்கு இவ்வளவுதான் பிடிப்பு என்று ஒரு எல்லை உண்டு. திருப்புவதற்கு அதை முழுக்கச் செலவழித்துவிட்டால் நிறுத்துவதற்கு மிச்சம் இருக்காது. சம்பளம் மாதிரிதான். வாடகைக்கே முழுதும் போய்விட்டால் மளிகைக்கு ஒன்றும் மிஞ்சாது. நல்ல ஓட்டுநர் இந்த எல்லைக்கு மிக அருகில் போய், தாண்டாமல் நிற்பவர். வில்நெவ் எல்லையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரத் தெரிந்தவர்.

அதை அவர் கற்றது பனியில்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி, மான்ட்ரியலுக்குத் தென்கிழக்கே உள்ள சான்-ஜான்-சூர்-ரிஷ்லியூ என்ற ஊரில் வில்நெவ் பிறந்தார். வளர்ந்தது ஆற்றின் வடகரையில் உள்ள பெர்த்தியேவில் என்ற சிற்றூரில். அப்பா செவில், பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் தொழில் செய்தவர். மகனும் இளமையில் டிரம்பெட் வாசித்தார். ஆனால் மனம் முழுக்க இயந்திரங்களில் இருந்தது. 1970இல் ஜோஆன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1971இல் மகன் ஜாக், 1973இல் மகள் மெலனி பிறந்தார்கள்.

கியூபெக்கில் குளிர்காலம் என்பது ஏதோ இரண்டு மாதச் சமாச்சாரம் அல்ல. எங்கள் பேட்டையின் பெயரான கோட்-டெ-நெய்ஜ் என்பதற்கே பனிச்சரிவு என்றுதான் பொருள். ஊர் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும்போது இங்குள்ள இளைஞர்கள் பனிவண்டிப் பந்தயம் விடுவார்கள். அதற்கு டயர் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் உழவு இயந்திரத்தின் சங்கிலி போன்ற ஒரு ரப்பர்ப் பட்டை. வில்நெவ் இதில் பெயர் பெற்றார். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்ற ஊரில் நடந்த உலகப் போட்டியில் வென்றார். கார் பந்தயத்துக்கான செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஆரம்ப நாட்களில் இந்தப் பனிவண்டிதான் படியளந்தது.

காய்ந்த தார்ச் சாலையில் ரப்பர் பிடிக்கும் பிடிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இறுகிய பனியில் கிடைக்காது. அங்கே வழுக்காமல் ஓட்டுவது என்ற பேச்சே இல்லை. வழுக்கிக்கொண்டே எப்படித் திசையைக் காப்பது என்பதுதான் கேள்வி. போதாததற்கு முன்னால் போகும் வண்டி வாரியிறைக்கும் பனித்தூளில் எதிரே எதுவும் தெரியாது. பின்னாளில் கொட்டும் மழையில் மற்றவர்கள் தடுமாறியபோது இவர் சாவகாசமாக ஓட்டியதற்கு இந்தப் பயிற்சியையே அவர் காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

மோன்-ட்ரம்ப்ளான் பந்தயப் பள்ளியில் உரிமம் பெற்று, 1973இல் கியூபெக்கின் ஃபார்முலா ஃபோர்டு போட்டியில் முதல் பருவத்திலேயே பத்தில் ஏழு பந்தயங்களை வென்றார். அடுத்த ஆண்டு ஃபார்முலா அட்லாண்டிக் என்ற அடுத்த படிக்கு ஏற வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். குடும்பம் குடியிருந்த நடமாடும் வீட்டையே விற்றார். இரண்டு சிறு குழந்தைகள் வீட்டில். நம்மூரில் இப்படிச் செய்தால் மாமனார் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். அந்தப் பருவத்தில் மோஸ்போர்ட் பாதையில் விபத்தில் கால் முறிந்தது. அப்போதும் விடவில்லை. 1975இல் கிம்லி என்ற இடத்தில் கொட்டும் மழையில் முதல் அட்லாண்டிக் வெற்றி கிடைத்தது. 1976இல் அமெரிக்க, கனடியப் பட்டங்கள் இரண்டையும் வென்றார்.

அதே 1976இல் த்ருவா-ரிவியேர் நகரத் தெருக்களில் ஒரு பந்தயம் நடந்தது. அந்த ஆண்டு உலகச் சாம்பியனாகப் போகிற ஜேம்ஸ் ஹண்ட் உள்ளிட்ட பெரிய ஓட்டுநர்களை விருந்தினராக அழைத்திருந்தார்கள். உள்ளூர்ப் பையன் எல்லோரையும் முந்திவிட்டார். ஹண்ட் பொறாமைப்படவில்லை. ஊர் திரும்பியதும் இந்தப் பையனைப் பாருங்கள் என்று தன் மெக்லாரன் அணியிடம் சொன்னார். அதன் விளைவாக 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் வில்நெவ் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தை ஓட்டினார்.

அங்கே அவர் பயிற்சியில் செய்தது வேடிக்கையானது. ஒவ்வொரு வளைவாக எடுத்துக்கொண்டு, கார் சுழலும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சுழன்றதும், இந்த வளைவின் எல்லை இதுதான் என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனார். மென்பொருளில் ஒரு நிரல் எந்தச் சுமையில் விழும் என்று அறிய வேண்டுமென்றே விழவைத்துப் பார்ப்போம். அதே வேலைதான். பார்த்தவர்கள் பலருக்கு அது கோமாளித்தனமாகத் தெரிந்தது. ஒன்பதாவது இடத்தில் புறப்பட்டு, வெப்பமானி ஒன்று தவறாகக் காட்டியதால் நடுவே நிறுத்த நேர்ந்து, பதினொன்றாவதாக முடித்தார். மெக்லாரன் அடுத்த ஆண்டுக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. ஆனால் இத்தாலியில் ஒரு கிழவர் கவனித்துக்கொண்டிருந்தார். என்ஸோ ஃபெராரி. ஆள் சிறிய உருவம். பழைய இத்தாலிய வீரர் நுவொலாரியின் சாயல் தெரிகிறது என்று அவருக்குத் தோன்றியது. நிக்கி லாடா விட்டுப்போன இடத்தில் வில்நெவை அமர்த்தினார்.

தொடக்கம் கொடுமையானது. 1977 அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில் வில்நெவின் கார், முன்னால் சென்ற ரோனி பீட்டர்சனின் காரின் பின்சக்கரத்தில் மோதி, மேலெழும்பிப் பறந்தது. திறந்த சக்கரக் கார்களில் இது பெரிய ஆபத்து. சுழலும் ஒரு டயர் மேல் இன்னொரு டயர் ஏறினால் அது ஏணி போல மேலே தூக்கிவிடும். அனுமதியில்லாத இடத்தில் நின்றிருந்த பார்வையாளர் ஒருவரும் காவல் பணியாளர் ஒருவரும் இறந்தார்கள். வில்நெவ் காயமின்றி எழுந்து நடந்தார். இந்த விபத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1978இல் ஃபெராரி ஒரு பெரிய முடிவெடுத்தது. குட்இயரை விட்டுவிட்டு மிஷ்லின் டயர்களுக்கு மாறியது. இது வெறும் கம்பெனி மாற்றம் அல்ல. டயரின் உடலமைப்பே வேறு. பழைய வகை டயரில் உள்ளேயிருக்கும் நூலடுக்குகள் சாய்வாக, ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக, கூடை முடைவது போல அமைந்திருக்கும். ரேடியல் டயரில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகப் போகும். அவற்றின் மேல், தரையைத் தொடும் பகுதிக்கு அடியில், எஃகுப் பட்டை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். இதனால் பக்கச்சுவர் வளைந்து கொடுத்தாலும் தரையைத் தொடும் பகுதி தட்டையாகவே இருக்கும். மிஷ்லின் இதற்கு 1946இல் காப்புரிமை பெற்றது. 1977இல் ரெனோ காரோடு ஃபார்முலா 1க்குக் கொண்டுவந்தது. 1978 பிரேசில் பந்தயத்தில் வில்நெவின் அணித்தோழர் ரொய்ட்டமான் வென்றது ரேடியல் டயரின் முதல் ஃபார்முலா 1 வெற்றி.

பிடிப்பு அதிகம்தான். ஆனால் பழைய டயர் வழுக்கும் முன் மெதுவாக எச்சரிக்கும். ரேடியல் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று விட்டுவிடும். போதாததற்குப் புதிய தொழில்நுட்பத்துக்கே உரிய பாலாரிஷ்டங்களும் இருந்தன. அந்தப் பருவத்தின் முதல் பாதியில் வில்நெவ் பல பந்தயங்களை டயர்ச் சிக்கலால் இழந்தார். இத்தாலியப் பத்திரிகைகள் அவரைத் துரத்தச் சொல்லி எழுதின. கிழவர் அசையவில்லை.

1978 அக்டோபர் 8. நோத்ர்-டாம் தீவில் புதிதாகப் போட்ட பாதையில் முதல் கனடியப் பந்தயம். உடம்பை உறைய வைக்கும் குளிர். குளிர்ந்த தரையில் பந்தய டயரைச் சூடாக்குவதே பெரும்பாடு. சூடேறாத பந்தய டயர் மரக்கட்டைக்குச் சமம். முன்னணியில் சென்ற ஜாரியேயின் லோட்டஸ் எண்ணெய் ஒழுகி நின்றுவிட, வில்நெவ் முதலில் வந்தார். அவருடைய முதல் ஃபார்முலா 1 வெற்றி சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால். அதற்குப் பிறகு இன்று வரை வேறெந்தக் கனடியரும் கனடியப் பந்தயத்தை வென்றதில்லை.

1979 அவருடைய ஆண்டு. டயர் தேர்வு எப்படி ஒரு பந்தயத்தைத் தீர்மானிக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கியாலமிப் பந்தயத்தை உதாரணமாகச் சொல்லலாம். ஆரம்பித்த உடனே மழை வந்து, பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். அணித்தோழர் ஜோடி ஷெக்டர், பாதை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நம்பி வழுவழுப்பான டயரைத் தேர்ந்தெடுத்தார். நம்மூர் மொழியில் மொட்டை டயர். காய்ந்த தரையில் மொட்டை டயருக்குத்தான் பிடிப்பு அதிகம். ஏனென்றால் வெட்டுகள் இல்லாததால் முழு ரப்பரும் தரையைத் தொடும். வெட்டுகள் இருப்பது பிடிப்புக்காக அல்ல, தண்ணீர் வெளியேறுவதற்காக. வில்நெவ் மழை டயரோடு புறப்பட்டு முன்னால் போனார். தரை காய்ந்ததும் உள்ளே வந்து மாற்றிக்கொண்டார். ஷெக்டர் முன்னணிக்கு வந்தார். ஆனால் அவருடைய டயர்கள் பந்தயம் முழுவதற்கும் தாங்கவில்லை. அவரும் நிறுத்த வேண்டி வந்தது. வில்நெவ் வென்றார். இரண்டு முடிவுகளும் அறிவுள்ள முடிவுகளே. கடைசியில் கணக்குத் தீர்த்தது யார் ரப்பரை எவ்வளவு செலவழித்தார் என்பதுதான்.

ஜூலையில் பிரான்சின் டிஜோன். இரண்டாம் இடத்துக்காக வில்நெவும் ரெனோவின் ரெனே அர்னுவும் கடைசிச் சுற்றுகளில் சண்டையிட்டார்கள். தேய்ந்த டயர்களோடு ஒருவரையொருவர் சக்கரத்தால் இடித்துக்கொண்டு, பாதையை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வந்து, கால் வினாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வில்நெவ் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ழபூயியின் வெற்றி டர்போ இயந்திரத்தின் முதல் வெற்றி, சரித்திர முக்கியத்துவம் உள்ளது. ஆனால் அந்த நாளை நினைவு வைத்திருப்பவர்கள் இரண்டாம் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இருவரும் இறங்கிச் சிரித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட். முன்னணியில் இருந்தபோது இடது பின் டயரில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கார் ஒருமுறை சுழன்றது. பிறகு அந்த டயர் வெடித்தே விட்டது. பாதையை விட்டு வெளியே போன காரைப் பின்னோக்கி எடுத்து, மூன்று சக்கரங்களில், நான்காவதைத் தரையில் இழுத்துக்கொண்டு, தீப்பொறி பறக்க, கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று ஓட்டித் தன் அணியின் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார். புது டயர் போட்டு அனுப்புங்கள் என்று காத்திருந்தார். போடுவதற்கு அங்கே சக்கரமே ஒழுங்காக மிஞ்சவில்லை. இது வீரமா அசட்டுத்தனமா என்று அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும்தான். நம்மூர் நெடுஞ்சாலையில் ஸ்டெப்னி இல்லாமல் பங்க்சர் ஆன லாரியை அடுத்த ஊர் வரை உருட்டிக்கொண்டு போகும் ஓட்டுநரிடம் உள்ள பிடிவாதம் அது. ஆனால் பின்னால் வரும் வண்டிகளை அவரும் நினைக்க வேண்டும்.

அதே மனிதர் அடுத்த மாதம் இத்தாலியின் மோன்ஸாவில் வேறு முகம் காட்டினார். ஷெக்டர் வென்றால் அவர் உலகச் சாம்பியன். வில்நெவ் அவருக்குப் பின்னாலேயே பந்தயம் முழுக்க ஓட்டினார். முந்த முயன்றால் முந்தியிருக்கக்கூடும். ஆனால் அணியின் ஏற்பாடு அப்படி. முயலவில்லை. ஷெக்டர் 51 புள்ளிகள், வில்நெவ் 47. கொடுத்த வார்த்தை என்பது அவருக்கு அவ்வளவு பெரிது. தன் முறை வரும் என்று நம்பினார். பருவத்தின் கடைசிப் பந்தயம் நடந்த வாட்கின்ஸ் கிளெனில், கனமழையில் நடந்த பயிற்சியில், மற்ற எல்லோரையும் விட ஒரு சுற்றுக்கு ஒன்பது வினாடிக்கும் மேல் வேகமாக ஓட்டினார். பனிவண்டி கற்றுக்கொடுத்த பாடம் அது.

முறை வரவில்லை. 1980இல் ஃபெராரி கார் மிக மோசம். ஆண்டு முழுவதும் 6 புள்ளிகள். அந்த ஆண்டு இமோலாவில் ஒரு டயர் கைவிட்டதால் மதிலில் மோதினார். அந்த வளைவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். 1981இல் டர்போ இயந்திரம் வந்தது. சக்தி அதிகம், ஆனால் வளைவுகளில் கட்டுக்கடங்காத கார். அதை வைத்துக்கொண்டு, அதற்குச் சற்றும் ஒத்துவராத மொனாக்கோவில் வென்றார். அடுத்து ஸ்பெயினின் ஹராமாவில், தன்னைவிட வேகமான நான்கு கார்களைப் பின்னால் அடைத்து வைத்துக்கொண்டு வென்றார். முதல் ஐந்து கார்களும் 1.24 வினாடிக்குள் கோட்டைத் தாண்டின. ஒரு தவறுகூடச் செய்யாமல் கடைசி வரை ஓட்டினார். அசட்டுத் துணிச்சல்காரர் என்று சொல்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பந்தயம் அது.

1982. ஃபெராரி மறுபடி குட்இயருக்கு மாறியது. கார் நன்றாக இருந்தது. இந்த ஆண்டு இவர்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள். ஏப்ரல் 25 அன்று இமோலாவில் ஃபெராரிகள் இரண்டும் முன்னணியில் இருந்தபோது, வேகத்தைக் குறைக்கும்படி அணி பலகை காட்டியது. இருக்கும் வரிசையிலேயே முடிப்பது என்று அதற்குப் பொருள் என வில்நெவ் எடுத்துக்கொண்டார். அணித்தோழர் தீதியே பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். மோன்ஸாவில் வார்த்தையைக் காப்பாற்றியவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இனி பிரோனியுடன் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்.

பதின்மூன்றே நாட்கள். மே 8, பெல்ஜியத்தின் ஸோல்டர். தகுதிச்சுற்று.

இங்கே டயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் தகுதிச்சுற்றுக்கென்றே தனி டயர்கள் இருந்தன. மிக மென்மையான ரப்பர். ஒட்டும் பசை போலப் பிடிக்கும். ஆனால் ஓரிரு சுற்றுகள்தான், பிறகு குப்பை. செலவைக் குறைக்க, ஒரு காருக்கு ஒரு தகுதிச்சுற்றில் இரண்டு செட்டுகள், அதாவது எட்டு டயர்கள் மட்டுமே என்று விதி வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு வைத்த விதி. ஆனால் விளைவு வேறு. ஓட்டுநருக்கு இரண்டே வாய்ப்புகள். அந்த ஒரு சுற்றில் முன்னால் மெதுவாகப் போகும் கார் குறுக்கே வந்தால், சரி, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரேக்கில் கால் வைக்க முடியாது. அடுத்த சுற்றில் டயர் இருக்காது. எல்லோருக்கும் அதே நெருக்கடி. ஒரே பாதையில், ஒரே நேரத்தில், சிலர் முழு வேகத்தில், சிலர் டயரைக் குளிர்வித்துக்கொண்டு மெதுவாக.

பிரோனி, வில்நெவை விடச் சுமார் பத்தில் ஒரு வினாடி முன்னால் இருந்தார். சில நிமிடங்களே மிச்சம். வில்நெவ் தன்னிடம் இருந்த கடைசி டயர்களோடு கிளம்பினார். ஒரு வளைவை ஏறி வந்தபோது எதிரே யோகன் மாஸின் கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வழிவிடுவதற்காக மாஸ் வலப்பக்கம் ஒதுங்கினார். அதே கணத்தில் வில்நெவும் முந்துவதற்கு வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். முன்சக்கரம் மாஸின் பின்சக்கரத்தில் ஏறியது. ஃபூஜியில் நடந்த அதே ஏணி. கார் நூறு மீட்டருக்கும் மேல் பறந்து, விழுந்து சிதறியது. வில்நெவ் இருக்கையோடு தூக்கி எறியப்பட்டார். அன்று இரவு லூவன் நகர மருத்துவமனையில் இறந்தார். வயது 32. விசாரணையில் மாஸ் மீது தவறில்லை என்று முடிவானது. வில்நெவ் கடைசிக் கணத்தில் நேரத்தைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தாரா, அல்லது முயற்சியை முடித்துத் திரும்பும்போதும் வழக்கம் போல முழு வேகத்தில் வந்தாரா என்பதில் உடனிருந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டில் எது என்றாலும் முடிவு ஒன்றுதான்.

பெர்த்தியேவிலில் இறுதிச் சடங்கு நடந்தது. பிரதமர் ட்ரூடோ வந்திருந்தார். ஷெக்டர் இரங்கலுரை ஆற்றினார். அந்த ஆண்டே நோத்ர்-டாம் தீவின் பாதைக்கு வில்நெவின் பெயரைச் சூட்டினார்கள். 1988இல் பெர்த்தியேவிலில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். 67 பந்தயங்கள், 6 வெற்றிகள், சாம்பியன் பட்டம் இல்லை. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் புகழ் புரியாது.

டயர் விதி ஒன்று மனிதர்களின் தலையெழுத்தில் நுழைவது அத்தோடு முடிந்துவிடவில்லை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்று விதி இருந்தது. மான்ட்ரியல் பந்தயத்துக்கு அடுத்த வாரம், ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில், சாய்வான ஒரு வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் டயர் தாங்காது என்று தெரிந்த பிறகு ஓட்டாமல் நின்ற அந்தப் பதினான்கு பேரின் முடிவில் எனக்கு மரியாதை உண்டு. ஸோல்டரில் அப்படி நிற்கச் சொல்ல யாரும் இல்லை.

இனி நண்பரின் டயருக்கு வருகிறேன். டயரின் பக்கச்சுவரில் 245/40 ஆர் 18 என்பது போல எழுதியிருக்கும். அகலம் 245 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம். சக்கரத்தின் விட்டம் 18 அங்குலம். நடுவிலுள்ள ஆர் என்ற எழுத்து ரேடியலைக் குறிக்கும். 1978இல் வில்நெவைப் படாதபாடு படுத்திய அதே ரேடியல், இன்று கார் முதல் லாரி வரை வந்துவிட்டது. அடுத்து வேகக் குறியீடு. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 வரை தாங்கும். அவ்வளவு வேகத்தில் ஓட்ட மாட்டேனே என்று குறைந்த குறியீட்டை வாங்கக் கூடாது. வண்டிக்கு அதைத் தயாரித்தவர்கள் சொன்னதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். எடை தாங்கும் எண்ணுக்கும் இதே விதி.

பிறகு தேய்மான எண். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. நண்பருக்கு 200 என்ற எண் கொண்ட, பந்தயப் பாதைக்கு அருகில் வரும் டயர் மீது ஆசை. ஸோல்டரின் தகுதி டயருக்கு அது தூரத்து உறவு. நான் வேண்டாம் என்றேன். கோட்-டெ-நெய்ஜ் சாலையில் போக்குவரத்து விளக்குக்கு விளக்கு நின்று போகிறவருக்கு அந்த ரப்பர் சூடேறவே ஏறாது. மழையிலும் தண்ணீரை வெளியேற்றும் வெட்டுகள் அதில் குறைவு. அவர் ஓட்டப்போவது மழை பெய்யும் மே மாதத்திலும் குளிரத் தொடங்கும் அக்டோபரிலும். ஈரத்தில் நிறுத்தும் தூரம் குறைவாக உள்ள கோடை டயரே போதும் என்றேன். நான்கையும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னேன். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்து வாங்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பல வருடம் கடையில் கிடந்த ரப்பர், தேயாமலேயே முதுமை அடைந்திருக்கும்.

குளிர்காலத்துக்கு வேறு டயர். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை ரப்பர் இறுகத் தொடங்கும். கடுங்குளிரில் அசைத்தால் விரிசல்கூட விடலாம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மலையும் பனித்துளியும் வரைந்த முத்திரை அதில் இருக்க வேண்டும். நண்பர் அந்த மாதங்களில் காரை மூடி வைத்துவிட்டு மெட்ரோவில் வருகிறார். இது எல்லாவற்றையும் விட நல்ல தேர்வு.

மெதுவான டயரை வாங்க வைத்துவிட்டேன் என்று நண்பருக்குச் சின்ன மனக்குறை. அவரிடம் நான் சொன்னது, வில்நெவ் எட்டு டயர்களை வைத்துக்கொண்டு எடுத்த முடிவை நாம் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான். தெருவில் ஓட்டுகிறவனுக்கு அடுத்த சுற்று எப்போதும் உண்டு. முன்னால் ஒருவர் மெதுவாகப் போனால் பிரேக்கில் கால் வைக்கலாம். அந்த வசதியைக் காப்பாற்றித் தரும் டயர் எதுவோ அதுவே நல்ல டயர்.

வில்நெவ் இறந்தபோது மகன் ஜாக்குக்கு வயது பதினொன்று. அந்தப் பையனும் பந்தயத்துக்குத்தான் வந்தான். 1995இல் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை வென்று, 1997இல் அப்பாவுக்குக் கிட்டாத உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்றான். ஆனால் அப்பாவின் பெயர் தாங்கிய மான்ட்ரியல் பாதையில் மட்டும் அவனால் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. அங்கே வென்ற வில்நெவ் இன்றும் ஒருவர்தான்.